சந்தனம் வைத்த வாத்துகள்

1. ஆயுத பூஜைக்கு மறுநாள், விடிவதற்கு முன்பே நாங்கள் மூன்று பேர் ஒரு காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, பச்சை வலைத்துணியைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டோம்.

2. எதிரே, விரல் நீளத்துக்கு முளைத்திருந்த பார்லி வயலில் பிளாஸ்டிக் வாத்துகள் நின்றன. மேலே பறக்கிற நிஜ வாத்துகள் அவற்றைத் தங்கள் சொந்தங்கள் என்று நம்பி இறங்கி வர வேண்டும் என்பது ஏற்பாடு. நட்டு வைத்தது நான்.

3. வெளிச்சம் வந்தது.

4. வயலின் சொந்தக்காரரான ஹைனர் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

5. “அதுகளுக்கு ஏன் நெற்றியில் ரத்தம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

6. “ரத்தம் இல்லை. என் அம்மா,” என்றேன்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு, நான் எதையும் எண் போட்டு எழுதுகிற ஆள் என்பது பழகியிருக்கும். அலுவலகத்தில் என் வேலையே அதுதான். அளவுக் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சரிபார்த்து, கட்டம் கட்டமாக டிக் அடிப்பது.

ஆனால் மேலே உள்ள பட்டியலில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே எனக்குள் ஓடியதற்கு எண் போட முடியவில்லை. அந்த வாய்க்காலில் அன்று எனக்கு ஒரு பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோபியாஸுக்கும் அதே பரீட்சைதான்.

ஓர் இடம், இரண்டு பேர்

நான் குடியிருப்பது ஜெர்மனியில், ரைன் ஆறு கடலை நெருங்குகிற பக்கம், டச்சு எல்லைக்குச் சைக்கிளில் போய்விடக்கூடிய ஒரு கிராமம். ஹைனர் வீட்டு மாடி. தினமும் ரயிலில் எசன் நகரத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். கீழ்வீட்டில் ஹைனர் தனியாக இருக்கிறார். விவசாயி. கிராமத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் வேட்டையாடும் உரிமையையும் அவர்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

ஒருமுறை, அவர் காட்டுக்குள் மரத்தில் கட்டி வைத்திருந்த கேமரா வேலை செய்யவில்லை. “நீ இன்ஜினியர்தானே?” என்று மாடிப்படியில் வழிமறித்தார். பார்த்தேன். பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்தார். அதைச் சொல்லாமல் ஏதோ பெரிதாகச் சரிசெய்தது போல மூடிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டத் தன்னோடு வரச் சொன்னார்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கடை கிடையாது. துளைபோடும் மெஷின் சத்தம் போடக்கூடாது. பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டாலும் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில் விடியற்காலையில் பனிக்குள் நடந்து, ஒரு முயல் தன் காதைத் தானே சொறிந்துகொள்வதைப் பார்த்தேன். அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பக்கம் போய்விட்டன.

பிறகு வேட்டை உரிமத்துக்கான வகுப்பில் சேர்ந்தேன். துப்பாக்கி அதில் ஒரு பகுதிதான். பறவை, மரம், நாய், நோய், சட்டம் என்று பாடம் பாடமாக வரும். எல்லாமே பட்டியல். மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான் நான்கு நிறத்தில் பேனா வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். பாஸ் செய்தேன்.

பாஸ் செய்தவர்களுக்குத்தான் அடுத்த உண்மை தெரியவரும். உரிமம் கையில் இருக்கும். போய் நிற்க நிலம் இருக்காது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் தனியாக அங்கே வேட்டைக்குப் போகலாம். ஹைனரின் நிலத்தில் அப்படி அனுமதி வைத்திருந்த ஒருவர், தன் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். ஓர் இடம் காலி.

கேட்டது இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் டோபியாஸ், ஹைனரின் அக்கா மகன். என்னோடு அதே வகுப்பில் படித்தவன். டிராக்டர் மெக்கானிக். கலகலப்பானவன், என்னைவிட நன்றாகச் சுடுவான்.

“சீசனோட கடைசி வாத்து வேட்டைக்கு, விடியக்காலைல ரெண்டு பேரும் வாங்க. அப்புறம் சொல்றேன்,” என்றார் ஹைனர்.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. இந்த நாட்டில் எனக்கு எல்லாம் இருந்தது. வேலை, வாடகை வீடு, வரி எண், நூலக அட்டை. ‘இங்கே நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், யாரையும் கேட்க வேண்டாம்’ என்று ஒருவர் சொன்ன ஒரு துண்டு நிலம் மட்டும் இல்லை.

எந்த வாத்து

தமிழில் டக்கும் வாத்து, கூஸும் வாத்து. நான் சொல்வது இரண்டாவது வகை. பெரியது, கழுத்து நீண்டது, மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டும் என்ற எண்ணமே இல்லாதது.

இங்கே வேட்டைக்காரர்கள் அதிகம் தேடிப்போவது சாம்பல் வாத்து. பண்ணைகளில் வளர்க்கிற வாத்துக்கு மூதாதை. ஆரஞ்சு அலகு, கனத்த உடம்பு, கிழிந்த ஹாரன் போன்ற குரல். ஊர்க் குளத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து, புல்வெளி முழுவதும் எச்சம் போட்டு வைப்பதும் இதுதான். கூட்டமாக இறங்கினால் முளைத்த பயிரைக் கத்தரித்த மாதிரி தின்றுவிடும்.

கனடா வாத்துக்குக் கழுத்து கறுப்பு, தாடையில் வெள்ளைப் பட்டை. நைல் வாத்துக்குக் கண்ணைச் சுற்றி, தூக்கமில்லாதவர்களுக்கு இருப்பதுபோல, பழுப்பு வளையம். எல்லோரோடும் சண்டை போடும். இந்த மூன்றையும் சீசனில் சுடலாம்.

நான்காவது, வெண்நெற்றி வாத்து. இலையுதிர் காலத்தில் வடக்கே ரஷ்யப் பனிப்பிரதேசத்திலிருந்து கிளம்பி, குளிர்காலத்தைக் கழிக்க எங்கள் ஆற்றங்கரைக்கு வரும். அலகுக்கு மேலே நெற்றியில் வெள்ளைத் திட்டு. வயிற்றில் கறுப்புக் கோடுகள். குரல் மெல்லியது. யாரோ அடக்க முடியாமல் சிரிப்பது போல இருக்கும். எங்கள் பக்கத்தில் இதைச் சுடவே கூடாது. இவை வந்து சேர்வதற்குள் மற்ற வாத்துகளின் சீசனையும் மூடிவிடுவார்கள், தவறிக்கூட எதுவும் நடந்துவிடக் கூடாது என்று.

தூரத்தில், பனியில், வெளிச்சத்துக்கு எதிரே எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பரீட்சையின் உயிரே அதுதான். தவறான வாத்தைச் சுட்டவருக்கு உரிமம் போகலாம். குத்தகைக்காரர் ஊர் முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆயுதத்தைத் தவிர

அந்தச் சமயம் பார்த்து அம்மா திருநெல்வேலியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தாள்.

நான் வேட்டைக்குப் போவதை அம்மா எதிர்க்கவில்லை. புரிந்துகொள்ளவும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. குளிருக்கு வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி அங்கே வரும். பறவைகள் பயந்துவிடும் என்று அங்கே தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை.

“அங்க வந்தா பட்டாசுகூட வெடிக்க மாட்டோம். இங்க வந்தா துப்பாக்கியத் தூக்கிட்டுப் போவுதீங்க. வாத்துக்கும் எந்த ஊருக்குப் போறோம்ங்கதுல ஒரு ராசி வேணும் போல,” என்றாள்.

ஆயுத பூஜைக்குச் சாமான் வாங்க எசனில் உள்ள யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனேன். பொரி, கடலை, குங்குமம், சந்தனத் தூள். அம்மா எழுதிக் கொடுத்த அளவில் சந்தனத்தை எடுத்து வைத்ததும் கடைக்கார அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பிள்ளை, இவ்வளவு சந்தனம்? தேர் ஏதும் இழுக்கப் போறீங்களோ?”

“அம்மா கேட்டாங்க அக்கா. ஊர்லேர்ந்து வந்திருக்காங்க.”

“ஓ, அம்மா வந்து நிக்கிறாவோ! ஒருக்கா கடைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. விசாவை நீட்ட ஏலாதோ? விசா ஒபிசில நேரங்கேட்டு டெர்மின் எடுத்துப் பாத்தனீங்களோ?”

“இல்லக்கா. மூணு மாசமே அவங்களுக்கு ஜாஸ்தி. போர் அடிக்குதுங்கறாங்க.”

“ஓம், அது சரிதான். அங்க இருந்து வாற எல்லாரும் ரெண்டாம் கிழமையே அதைத்தான் சொல்லுறவை,” என்று ஒரு கட்டு ஊதுபத்தியைச் சும்மா பைக்குள் போட்டார்.

பூஜைக்கு முந்தின நாள் இரவு, அம்மா வீட்டில் உள்ள கருவிகளைக் கணக்கெடுத்தாள். லேப்டாப், மிக்ஸி, சைக்கிள், என் ஸ்க்ரூடிரைவர் பெட்டி. கடைசியில் சுவரோடு திருகி வைத்திருந்த இரும்பு அலமாரி முன்னால் நின்றாள்.

“ஏட்டி, இதோட நம்பர் என்ன?”

“அதச் சொல்லக் கூடாதும்மா.”

“நான் யாருட்டி போயி சொல்லப் போறேன்? துப்பாக்கிக்கு ஒரு பொட்டு வச்சிட்டு மூடிருதேன்.”

“முடியாதும்மா. சட்டம்.”

“பொட்டு வைக்கக் கூடாதுன்னு சட்டமா?”

“லைசென்ஸ் இல்லாதவங்க தொடக் கூடாதுன்னு சட்டம்.”

அம்மா அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்லாருக்கு. ஆயுத பூஜையில ஆயுதத்தத் தவிர மத்த எல்லாத்தையும் கும்பிடணும்.”

அதோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

எல்லாத்துக்கும் வச்சாச்சு

பூஜையன்று எனக்கு வேலை இழுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, தட்டில் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. மிக்ஸி நெற்றியில் பொட்டோடு சிரித்தது. நிலக்கடலைத் தோல் நீக்கும் கருவி என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்த என் கம்பி உரிக்கும் இடுக்கிக்கும் பொட்டு.

“எல்லாத்துக்கும் வச்சாச்சு. கீழ சைக்கிளுக்கும் வச்சிட்டேன். காலைல வரைக்கும் எதையும் எடுக்காத.”

“விடியறதுக்கு முன்னாடி வேட்டைக்குப் போகணும்மா.”

“விடியக்காலம்னா மறுநாளு. அப்ப எடுக்கலாம்.”

சைக்கிள் நிற்பது ஹைனரின் நிலவறையில். அங்கேதான் பிளாஸ்டிக் வாத்துகளும் சாக்குப்பைகளில் இருந்தன. அவற்றைக் கொண்டு போய் நடுவதை ஹைனர் அந்த சீசனில் என் பொறுப்பில் விட்டிருந்தார். என் பட்டியலில் ‘வாத்துகள்’ என்ற வரி இருந்தது. காலையில் சாக்குப்பைகளைத் தூக்கிப் பார்த்தேன். கனம் சரியாக இருந்தது. டிக் அடித்தேன்.

பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது இது. சைக்கிளுக்குப் பொட்டு வைக்க இறங்கியவள், ஒரு சாக்கின் வாயில் ஒரு கழுத்து எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறாள். திறந்தால் எல்லாம் சேறு. சேறோடு எதையும் கும்பிட முடியாது. மாடிக்குத் தூக்கிப்போய், குளிக்கிற தொட்டியில் போட்டு, பாத்திரம் தேய்க்கிற திரவத்தால் தேய்த்து, துடைத்து, பளபளப்புக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். ஊதுபத்தி காட்டி, காயவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே திருப்பி வைத்திருக்கிறாள்.

“நெத்தி எங்க இருக்குன்னே தெரியல. மூக்குக்கு மேல, கண்ணுக்கு நடுவுல நல்லா அகலமா வச்சேன்,” என்றாள்.

அலகுக்கு மேலே, கண்களுக்கு நடுவே, அகலமாக. வெண்நெற்றி வாத்துக்கு வெள்ளைத் திட்டு இருப்பது அங்கேதான்.

சிவப்பு விளக்கு

நடும்போது ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். டோபியாஸும் கேட்டான்.

இருட்டில் வயலுக்குள் போகும்போது நெற்றியில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொள்வோம். வெள்ளை வெளிச்சம் தூரம்வரை தெரிந்துவிடும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் மறைந்துவிடும். ஆரஞ்சு அலகு, அதை ஒட்டி மஞ்சள் சந்தனம், அதன் நடுவே குங்குமம். மூன்றும் ஒரே வெளுப்பாக, அலகு கொஞ்சம் நீண்டது போலத் தெரிந்தன. கை வழுக்கியது. பனி ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரி விஷயங்களைப் பிறருக்கு விளக்குவதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள்.

நட்டது மட்டும் சரியாகத்தான் நட்டேன். காற்றுக்கு எதிர்முகமாக, பெரும்பாலும் மேய்கிற தலைகள், ஓரத்தில் மட்டும் கழுத்தை நிமிர்த்திய காவல் வாத்துகள். எல்லாம் நிமிர்ந்து நின்றால் ஆபத்து என்று புரிந்துகொண்டு நிஜ வாத்துகள் இறங்காது. நடுவில் இறங்குவதற்கு இடம் விட்டிருந்தேன்.

அப்புறம் வெளிச்சம் வந்தது. வயலில் வெண்கல விளக்கு போல மின்னிக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டு வரவேற்பு வரிசை நின்றது.

“உன் அம்மாவா?” என்றார் ஹைனர்.

“பண்டிகை. கருவிகளுக்கு மரியாதை செய்கிற நாள்.”

டோபியாஸ் தொப்பியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான். “காவல் வாத்துக்கும் பொட்டா?”

“எல்லாத்துக்கும்.”

“நான் போய் எடுத்துவிட்டு வருகிறேன்,” என்று எழப் பார்த்தேன். ஹைனர் என் முழங்கையைப் பிடித்தார். வடக்கே சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

சிரிப்பு

சீசனின் கடைசிக் காலை. என் பொம்மைகளைப் பார்த்து ஒரு வாத்தும் இறங்கப் போவதில்லை. ஹைனருக்கு முன்னால் இதைவிட நன்றாக என்னால் தோற்றிருக்க முடியாது. அனுமதிச் சீட்டை டோபியாஸ் பெயருக்கு மனதுக்குள் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அவை இறங்கின.

முதலில் பனிக்கு மேலே ஒரு கோடு. கோடு உடைந்து, சிறகுகளை வளைத்துப் பிடித்துக்கொண்டு, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தது. பின்னால் சூரியன். எல்லாம் வெறும் கறுப்பு உருவங்கள்.

டோபியாஸின் துப்பாக்கி மேலே போனது. என் கையும் என்னுடையதன் மேல்தான் இருந்தது. இரண்டைச் சுட்டு வீழ்த்தினால்கூட அந்தக் காலையைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு எண்ணம் ஓடியதை மறைப்பதற்கில்லை.

அப்போது ஒன்று கத்தியது. ஹாரன் இல்லை. சிரிப்பு.

“வெண்நெற்றி,” என்றேன்.

“சாம்பல். பார், எவ்வளவு பெருசு,” என்றான் டோபியாஸ், கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமலே.

“இல்லை. குரலைக் கேள்.”

“வெண்நெற்றி இன்னும் வந்திருக்காது. சீசன் மூடவே இல்லை.”

ஹைனர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னால் தீர்ந்துவிடும். சொல்லவில்லை. வாத்துகள் தலைக்கு மேலே வந்துவிட்டன. இன்னொரு சிரிப்பு. நான் சொன்னது சரி என்று காட்ட அந்தக் குரலை நானே கற்பனை செய்கிறேனோ என்று இப்போது பாதிச் சந்தேகம் வந்தது. உறுதி இல்லை என்றால் கட்டத்தில் டிக் இல்லை. என் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவை இறங்கின. நான் விட்டுவைத்த இடத்திலேயே, சரியாக நடுவில். சிறகை மடித்துத் திரும்பியதும் வயிற்றில் கறுப்புக் கோடுகளும் நெற்றியில் வெள்ளைத் திட்டும் பளிச்சென்று தெரிந்தன. அம்மாவின் வாத்துகளுக்குச் சந்தன நெற்றி, வந்தவர்களுக்கு வெள்ளை நெற்றி. பக்கத்தில் பக்கத்தில்.

டோபியாஸ் துப்பாக்கியை இறக்கினான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

சந்தனத்தைப் பார்த்துத்தான் அவை இறங்கினவா என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வழியில் களைத்துப்போய் முதலில் கண்ட பச்சையில் இறங்கியிருக்கலாம். அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்ல முடியாது.

வாய்க்காலுக்குள் காலை உணவு

அதற்குப் பிறகு எங்களால் வெளியே வர முடியவில்லை. பனிப்பிரதேசத்திலிருந்து பறந்து வந்து அப்போதுதான் வாய் வைத்திருக்கிற பறவைகளை எழுப்பிவிட ஹைனருக்கு மனம் வரவில்லை. மேய்வது அவருடைய பார்லியை. அதைச் சொன்னேன்.

“தெரிகிறது,” என்றார்.

அம்மா கட்டிக்கொடுத்த சுண்டல் டப்பாவைத் திறந்தேன். மூன்று பேரும் குனிந்த தலையோடு, சத்தமில்லாமல் கொண்டைக்கடலை மென்றோம். ஒரு வெண்நெற்றி, எங்களுக்கு அருகில் நின்ற காவல் வாத்திடம் வந்து, அதன் பொட்டை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. டோபியாஸுக்குக் கடலை புரையேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நிஜமான சாம்பல் வாத்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய், பக்கத்து ஊர்க்காரர் வயலில் இறங்கின. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வெடிச்சத்தம் வந்தது. ஹைனர் கண்ணை மூடிக்கொண்டார்.

விருந்தாளிகள் போனதும் வாத்துகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டோம். ஹைனர் ஒன்றின் நெற்றியைக் கட்டை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். “நல்ல வாசனை,” என்றார். அனுமதியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேசரித் தட்டு

நடந்ததைச் சொன்னதும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. சாயங்காலம் ஒரு தட்டு நிறையக் கேசரி கிண்டி, என்னை முன்னால் தள்ளிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினாள். டோபியாஸும் அங்கே இருந்தான். சமையலறை மேசையில் துப்பாக்கி எண்ணெய் வாசமும் காபி வாசமும் கலந்திருந்தன.

“அவர்ட்ட சொல்லு. எல்லாம் நான் செஞ்ச வேல, புள்ள மேல கோவப்படாதீங்கன்னு சொல்லு.”

சொன்னேன்.

“எதற்காகப் பொட்டு என்று கேள்,” என்றார் ஹைனர்.

“சோறு போடுத சாமானுக்கு வருசத்துல ஒரு நாளு நன்றி சொல்லுதோம்.”

“பிளாஸ்டிக் வாத்து உங்களுக்குச் சோறு போடுகிறதா?”

“எங்களுக்கு இல்ல. இவருக்குத்தான போடுது?” என்றாள் அம்மா என்னிடம், இதுகூடவா தெரியாது என்பது போல. மொழிபெயர்த்தேன். ஹைனர் கேசரியை ஒரு கரண்டி எடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “ஏம்மா, அதுக்குப் பொட்டு வைக்கும்போது என்னன்னு கும்பிட்ட?”

“எல்லாரும் நல்லா இருக்கணும்னு.”

“எல்லாரும்னா?”

“நீ, இவரு, இந்தப் பையன்.” கொஞ்சம் தயங்கினாள். “வாத்தும்தான்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் டோபியாஸ் என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு, “இவங்களை அடுத்த வருஷம் சீசன் முடிந்த பிறகு கூப்பிடு,” என்றான்.

ஹைனர் கரண்டியைக் கீழே வைத்தார். “சரி. அனுமதி.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மொழி புரியாவிட்டாலும் குரல் மாறியது புரிந்திருக்கிறது.

“டோபியாஸ், நீ இன்னும் ஒரு வருஷம் என்னோடு காட்டுப் பக்கம் வா. தனியாக வேண்டாம்.”

“நான் சுடவே இல்லையே மாமா!”

“சுடவில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு நீ துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளி, சுடத் தயாரானாய். எனக்கு டிக்கென்று கேட்டது.”

டோபியாஸ் காபிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“நீங்கள் ரெண்டு பேரும் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாத்தை நிறையப் பார்த்தாயிற்று. உங்களைத்தான் பார்த்தேன். தப்பான பறவை விழுந்தால் கேள்வி வருவது என் பெயருக்கு.” என் பக்கம் திரும்பினார். “உனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்ததா?”

“இருந்தது. குரலை நான் கற்பனை செய்கிறேனோ என்று நினைத்தேன்.”

“அதனால்தான் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்தாய். வாய்க்கால் பக்கம் முழுக்க உனக்கு.”

“என்ன சொல்லுதாரு?” என்றாள் அம்மா, என் கையை உலுக்கி.

“கிடைச்சிருச்சும்மா.”

“இந்தப் பையனுக்கு?”

“அவனுக்கு இன்னும் ஒரு வருஷம்.”

அம்மா கேசரித் தட்டை மேசையில் டோபியாஸ் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவன் சாப்பிட்டான். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கொண்டைக்கடலையை எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தான்.

இன்றைய நிலவரம்

அனுமதிச் சீட்டு என் பெயரில், மார்ச் கடைசிவரை செல்லும். அதன்பின் புதுப்பித்துத் தருவதாக ஹைனர் சொல்லியிருக்கிறார். அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். வாய்க்கால் பக்கம் இப்போது முழுக்க வெண்நெற்றிகள், சீசன் மூடியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துப்பாக்கி இல்லாமல் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இதுவரை நான் ஒரு வாத்தையும் சுட்டதில்லை.

கோடை நடுவில் சீசன் மறுபடி திறக்கும். அப்போது சுடுவியா என்று அம்மா போனில் கேட்கிறாள்.

சுடுவேன். சாம்பல் வாத்தாக இருந்தால்.